காயம் இல்லையென்றால் குற்றமும் இல்லையா? பாலியல் வன்கொடுமை மருத்துவப் பரிசோதனை... பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

“உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே?” - பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள், சொந்த வீட்டிலேயே எதிர்கொள்ளும் கேள்வி இது. ஆனால், காயம் இல்லை என்பதற்காகக் குற்றமே நடக்கவில்லை என்று மருத்துவமும் சொல்வதில்லை, சட்டமும் சொல்வதில்லை.

பாதிக்கப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் வெளியே தெரியும் காயங்கள் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ம் ஆண்டு வழிகாட்டி. பயத்தில் உடல் உறைந்துபோயிருக்கலாம், மிரட்டப்பட்டிருக்கலாம், மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம். பரிசோதனைக்கு வருவதற்குள் சிறு காயங்கள் ஆறிவிடவும் கூடும். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அந்தப் பெண் சம்மதித்ததாகக் கருதக் கூடாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு.

பரிசோதனையில் என்ன நடக்கும்?

முதலில் சம்மதம் கேட்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ என்று மறுக்கலாம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. தலை முதல் கால் வரை காயங்களின் இடம், அளவு, தன்மை ஆகியவற்றை மருத்துவர் குறித்துக்கொள்வார். உடைகளும் உடலில் எடுக்கப்படும் மாதிரிகளும் சீல் வைக்கப்பட்டு ஆய்வகத்துக்குச் செல்லும். சில ரத்தக்கட்டுகள் ஓரிரு நாள்கள் கழித்தே தெரியும் என்பதால், மறுபரிசோதனையும் தேவைப்படலாம்.

18 வயதுக்குட்பட்ட சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, சிறுமி நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம்.

இதைச் செய்யக் கூடாது!

‘இரு விரல் பரிசோதனை’க்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேரம் முக்கியம்!

முடிந்தவரை குளிக்காமல், உடை மாற்றாமல் செல்வது நல்லது. மாற்றிவிட்டால், அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லலாம். குளித்துவிட்டாலும், நாள்கள் கடந்துவிட்டாலும் தயங்காமல் செல்ல வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரகாலக் கருத்தடை மாத்திரையையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு பலன்.

அரசு, தனியார் என எந்த மருத்துவமனையாக இருந்தாலும், முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால், மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

உதவிக்கு: பெண்கள் 181, குழந்தைகள் 1098.

வீட்டில் ஒரு பெண் இப்படியொரு கொடுமையைச் சொன்னால், காயத்தைத் தேடாதீர்கள். முதலில் நம்புங்கள், பிறகு அவருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்!