இளைப்பும் நடையும்

நுரையீரலில் தோன்றிய புற்று முற்றிப் பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்டது என்று அறிந்த பின்னர், அந்த நோயாளிக்கு மருத்துவர் நடைப் பயிற்சி கற்பிக்கிறார் என்று சொன்னால் கேட்போர் வியப்பர். சிலர் சினமும் கொள்வர். "மூச்சு விடவே தவிக்கிறவரை நடக்கச் சொல்வதா? இருக்கிற நாளிலாவது நிம்மதியாகப் படுத்திருக்கட்டுமே!" என்பதுதான் நம் வீடுகளில் வழங்கும் நியாயம். அந்த நியாயத்தில் அன்பு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அதில் உண்மையும் இருக்கிறதா என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். நானும் பல ஆண்டுகள் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். அதனால் ஒருவருக்கு நேர்ந்த இழப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கிய வயது. வலப்பக்க நுரையீரலில் கட்டி. எலும்பிலும் ஈரலிலும் பரவியிருந்தது. நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்திருந்த நீரை எடுத்தோம், மருந்தும் தொடங்கினோம். வீட்டுக்குப் புறப்படும் நாளில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே. "தம்பி, எங்கள் தெருக்கோடியில் படிப்பகம் இருக்கிறது. நாள்தோறும் காலையில் அங்கே போய்ப் பத்திரிகை படிப்பது நாற்பது வருஷத்துப் பழக்கம். போகலாமா?" நான் சிறிதும் தயங்காமல், "வேண்டாம் ஐயா, நன்றாக ஓய்வெடுங்கள். பத்திரிகையை வீட்டுக்கே வரவழைத்துக் கொள்ளலாம்" என்றேன். அவர் சொற்படி நடக்கும் மனிதர். மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. மீண்டும் வந்தபோது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ அவரால் இயலவில்லை; பத்தடி நடப்பதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிற்று. நோய்தான் விரைந்து பெருகிவிட்டது என்று எண்ணிப் படம் எடுத்துப் பார்த்தேன். கட்டி வளரவில்லை, சற்றுச் சுருங்கியே இருந்தது. நீரும் மீண்டும் சேரவில்லை. இரத்தத்திலும் குறையில்லை. அப்படியானால் அவர் நடையைப் பறித்தது எது?

நான் சொன்ன ஓய்வுதான்.

இதைப் புரிந்துகொள்ள உடலின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இளைப்பு நுரையீரலில் மட்டும் பிறப்பது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதில் பெரும் பங்கு கால்களுக்கு உண்டு. வேலையற்றுக் கிடக்கும் தசை மெலிந்து போகும். இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவை வாங்கிப் பயன்படுத்தும் திறனையும் இழந்துவிடும். அத்தகைய தசை, சிறு வேலை செய்தாலும் லாக்டிக் அமிலத்தை மிகுதியாக உண்டாக்கும். அந்த அமிலத்தை ஈடு செய்வதற்காக உடல் மேலும் வேகமாக மூச்சு வாங்க வேண்டியதாகிறது. ஏற்கெனவே பழுதுபட்ட நுரையீரலின் தலையில் தளர்ந்த கால்கள் ஏற்றும் கூடுதல் சுமை இது. இளைக்கிறதே என்று நோயாளி நடையைக் குறைப்பார். குறைக்கக் குறைக்கக் கால் மேலும் தளரும். தளரத் தளர இன்னும் குறைந்த நடைக்கே இளைக்கும். புற்றுநோயே தசையை உருக்கும் இயல்புடையது. படுக்கையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

நுரையீரல் நோய்க்கு ஓய்வே மருந்து என்னும் எண்ணம் நமக்குக் காசநோய்க் காலத்திலிருந்து வந்தது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் சானடோரியம் தொடங்கிய நாளில் மருந்து என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நல்ல காற்றும் உணவும் ஓய்வுமே கதி. அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்த ஆய்வும் நம் சென்னையிலேதான் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1956இல் இங்கே நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தார், நோயாளிகளை இரண்டு கூறாகப் பிரித்து ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான இடத்தில் வாழ்ந்தார்கள், குறைவாக உண்டார்கள், அதிகமாக நடமாடினார்கள். ஆயினும் 1959இல் முடிவு வெளியானபோது, குணமடைந்ததில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை என்று கண்டது. காசம் வேறு, புற்று வேறு; ஒன்றின் முடிவை மற்றொன்றின்மேல் ஏற்றக்கூடாது. எனினும், படுக்கை என்பது கேள்வி கேட்கக்கூடாத தெய்வம் அன்று என்பதை உலகுக்குக் காட்டியது நம் ஊர்.

பின்னர் 1960களில் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் தாமஸ் பெட்டி என்னும் மருத்துவர், நாட்பட்ட இளைப்பு நோயாளிகளைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க பிராணவாயுக் கலத்தோடு நடக்கவைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. 'மறுவாழ்வு' என்ற சொல்லை முற்றிய புற்றோடு சேர்த்துச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது. இழந்ததை எல்லாம் மீட்டுத் தருவதாக அது பொய் நம்பிக்கை ஊட்டிவிடுமோ என்ற அச்சம். ஆனால் வேறு நல்ல சொல் கிடைக்கும் வரையில் இதையே வைத்துக்கொள்வோம்.

அந்தப் பெரியவரை நான் எங்கள் இயன்முறை மருத்துவரான அம்மையாரிடம் அனுப்பினேன். அவர் முதலில் கேட்டது, "எங்கே போக வேண்டும் ஐயா?" என்பது. "படிப்பகத்துக்கு" என்றார். "எத்தனை அடி இருக்கும்?" பெரியவருக்குத் தெரியவில்லை. பேரனை விட்டு எண்ணச் சொன்னார்கள். இருநூற்று முப்பது அடி. அன்று தொடங்கி ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாளும் எழுதி வந்தார். இரயில்வேக்காரர் அல்லவா? கணக்கு மிகத் துல்லியமாக இருக்கும்.

நடப்பதற்கு முன்னே மூச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும். இளைப்பு வந்தவுடன் அச்சம் வருகிறது. அச்சம் வந்தவுடன் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகிறது. பழைய காற்று முழுதும் வெளியேறுவதற்குள் புதிய காற்றை இழுக்க முயல்வதால் திணறல் இன்னும் மிகுகிறது. ஆகவே, இழுப்பதைவிட விடுவதில் கருத்தைச் செலுத்தப் பழக்குகிறார்கள். மூக்கால் இழுத்து, விளக்குச் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு உதடுகளைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். தோள்கள் தளர்ந்திருக்க வேண்டும். முன்னே சாய்ந்து, முழங்கைகளை மேசைமீதோ தொடைமீதோ ஊன்றி உட்கார்ந்தால், மார்பின் தசைகளுக்குப் பிடிமானம் கிடைத்து மூச்சு எளிதாகும். மல்லாந்து படுப்பதே திணறுகிறவருக்கு நாம் தரும் மிகத் தவறான இருக்கை.

விசிறியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திணறும் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசுவது நம் பாட்டிமார் வழக்கம். அதை வெறும் ஆறுதல் என்றே மருத்துவம் படித்த நாங்கள் எண்ணியிருந்தோம். முகத்தின் தொடு உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் முப்பிரிவு நரம்பு ஒன்று உண்டு. கன்னத்திலும் மூக்கின் ஓரத்திலும் மேலுதட்டிலும் குளிர்ந்த காற்று படும்போது அந்த நரம்பின் வழியே செல்லும் செய்தி, திணறல் உணர்ச்சியைத் தணிக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2010இல் இதை ஒழுங்காகச் சோதித்து வெளியிட்டார்கள். சிறு கைவிசிறியை ஐந்து நிமிடம் முகத்தில் வீசச் செய்தார்கள். அதே நோயாளிகளுக்குக் காலிலும் வீசச் செய்தார்கள். முகத்தில் வீசியபோது இளைப்புக் குறைந்தது. காலில் வீசியபோது அவ்வாறு குறையவில்லை. பாட்டிமார் வென்றார்கள்!

விசிறியைப் புகழ்ந்த கையோடு பிராணவாயு உருளையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் திணறல் என்றவுடன் நகையை அடகு வைத்தாவது உருளை வாங்க ஓடுகிறோம். இரத்தத்தில் பிராணவாயு குறைந்தவர்களுக்கு அது தேவை, மறுப்பில்லை. குறையாதவர்களுக்கு? 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பிராணவாயு குறையாத, ஆனால் இளைப்பால் வருந்திய 239 பேரில் ஒரு சாராருக்குப் பிராணவாயுவும் மற்றவர்களுக்கு வெறும் காற்றும் மூக்குக் குழாய் வழியே ஏழு நாள் கொடுத்தார்கள். இரு சாராரின் இளைப்பிலும் வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே, விரலில் மாட்டும் சிறு கருவியால் முதலில் அளந்து பார்த்து, மருத்துவர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். அந்தப் பணம் நல்ல உணவுக்கு ஆகும்.

இனி நடை. பெரியவருக்கு முதல் வாரம் நடையே இல்லை. நாற்காலியிலிருந்து எழுவதும் அமர்வதும். ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பிறகு தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் புட்டியைக் கையில் பிடித்துத் தூக்குதல். பிறகு கூடத்தில் நடை. இளைப்பு வந்த பின் நிற்காமல், வருமுன்னரே நின்றுவிட வேண்டும் என்பது விதி. நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச இயல வேண்டும். இயலாவிட்டால் வேகம் மிகுதி. குளிப்பது முக்காலியில் உட்கார்ந்து. மாடிப்படி ஏறும்போது காலைத் தூக்குகையில் மூச்சை வெளியே விடுவது. சட்டையை நின்றுகொண்டு மாட்டாமல் இருந்தபடி மாட்டுவது. மிச்சம் பிடித்த ஆற்றல் எல்லாம் படிப்பகத்துக்குச் செல்லும் நடைக்கு.

இதன் பயனை மிகைப்படுத்தக் கூடாது. பாஸ்டன் நகரத்தில் 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் முற்றிய 25 பேரைப் பயிற்சியில் சேர்த்தார்கள்; முடித்தவர்கள் 11 பேரே. மருத்துவமனைக்கு வந்து போவதே பலருக்குப் பெரும்பாடு. 2017இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில், பயிற்சியால் சோர்வு குறையும் என்று எதிர்பார்த்தார்கள், குறையவில்லை. ஆனால் 2019இல், அதுவரை நடந்த ஆறு சிறு ஆய்வுகளை ஒன்றாக வைத்து நோக்கியபோது, பயிற்சி பெற்றவர்களின் நடைத்திறனும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருப்பது தெரிந்தது. பிரிட்டனில் 119 நுரையீரல் புற்று நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியர்கள் மூச்சுப் பழக்கமும் ஆறுதலும் கற்பித்தவர்களுக்கு இளைப்புத் தணிந்து நடமாட்டம் மேம்பட்டது. ஆயுளை நீட்டும் என்று எவரும் உறுதி கூறவில்லை. நானும் கூறவில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். எலும்பில் பரவியிருந்தால் எந்த எலும்பு, எவ்வளவு சுமை தாங்கும் என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே பயிற்சி. நேற்று இல்லாத இளைப்பு இன்று திடீரென வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, முகமும் கழுத்தும் உப்பினாலோ, பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தக் கட்டி, நுரையீரலைச் சுற்றிய நீர், இரத்தக் குழாய் நெருக்குண்டல் ஆகியவற்றை மூச்சுப் பயிற்சியால் தீர்க்க இயலாது. அமர்ந்திருக்கையிலும் தணியாத திணறலுக்குச் சிறு அளவில் மார்ஃபின் கொடுப்பதும் உண்டு. அதன் பெயரைக் கேட்டே நடுங்குவோர் இருக்கிறார்கள். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெறுவதைக் கடினமாக்கியிருந்தது. 2014இல் செய்த திருத்தம் நோயாளிகளின் பொருட்டு வழியை ஓரளவு எளிதாக்கிற்று. வலிதணிப்பு மருத்துவரைக் கடைசி வாரத்தில் தேடாமல் தொடக்கத்திலேயே நாடுவது நலம். பாஸ்டனில் 151 பேரைக் கொண்டு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு முன்னமே நாடியவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்ததோடு, மற்றவர்களைவிடச் சற்று நெடுநாள் வாழவும் செய்தார்கள்.

ஏழாவது வாரம் பெரியவர் படிப்பகத்துக்குப் போனார். வழியில் இரண்டு திண்ணைகளில் உட்கார்ந்து போனார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நோட்டுப் புத்தகத்தில் அன்றைய கணக்கு '230' என்று சிவப்பு மையில் இருந்தது. பத்து வாரங்களுக்கு மேல் அந்த எண் ஏறத்தாழ நாள்தோறும் வந்தது. பிறகு 150, பிறகு 60, பிறகு வாசற்படி வரை. நோய் தன் வழியே சென்றது. கடைசி இரு வாரங்கள் கட்டிலில்தான். ஆனால் விசிறியைத் தாமே பிடித்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவியார் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். முதல் பக்கத்துக்கு முன்னே மூன்று வாரத்துத் தேதிகளை மட்டும் எழுதி, எதிரே எண் ஏதும் இன்றிக் கோடு போட்டிருந்தார் பெரியவர். அம்மையார் அந்தக் கோடுகளைக் காட்டி, "டாக்டர், முதலிலேயே நடக்கச் சொல்லியிருந்தால், இன்னும் மூன்று வாரம் படிப்பகத்துக்குப் போயிருப்பாரா?" என்று கேட்டார்.

"போயிருப்பார், அம்மா" என்றேன்.