உருளும் இல்லம்

மதுரை மாநகரின் வடகிழக்கே, மேலூர் செல்லும் பெருவழியில் மாட்டுத்தாவணி என்னும் இடம் உள்ளது. இன்று அப்பெயரைக் கேட்டவுடன் பேருந்துகளே நினைவுக்கு வரும். 1999-ஆம் ஆண்டில் அங்கே பெரியதொரு பேருந்து நிலையம் அமைந்தது. சென்னை, திருச்சி, நெல்லை, நாகர்கோவில் எனத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு இரவும் பகலும் அங்கிருந்து பேருந்துகள் புறப்படுகின்றன. ஆனால் பெயரில் இருப்பது பேருந்து அன்று, மாடு. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நீண்ட கயிறு. அவ்வாறு மாடுகள் பிணிக்கப்பட்டு நிற்கும் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. பெண்கள் உடுத்தும் தாவணியை எண்ணி வியப்போர், மாட்டுக்கு எதற்குத் தாவணி என்று கேட்டுச் சிரிப்பதும் உண்டு. சித்திரைத் திருவிழாவை ஒட்டி இங்குக் கால்நடைச் சந்தை கூடுவது வழக்கமாயிருந்தது. மாடு கொள்வோரும் விற்போரும் மட்டுமின்றி, திருவிழாக் காண வருவோரும் வண்டிகளை அவிழ்த்துவிட்டுத் தங்கினர்.

அவ்வாறு வந்தவர்கள் குடும்பத்தோடு வந்தனர். கூண்டு வண்டியின் தட்டில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, முதியோரையும் குழந்தைகளையும் அமர்த்தினர். மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு, வெயிலையும் பனியையும் தடுத்தது. வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். அரிசி, பருப்பு, புளி, சமையற் பானை, மாட்டுக்கு வேண்டிய பருத்திக்கொட்டை, கிணற்றில் நீர் இறைக்கக் கயிறும் வாளியும் எல்லாம் வண்டியிலேயே இருந்தன. மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டருக்கு மேல் அவ்வண்டி செல்லாது. இரவின் குளிர்ச்சியில் வழிநடந்து, வெயில் ஏறியதும் மரநிழலில் மாடுகளை அவிழ்ப்பர். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டால் அந்நிழலே அன்றைய வீடு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், வழிப்போக்கருக்காகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். அவர் பெயரால் விளங்கும் சத்திரம் மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே இன்றும் உள்ளது. எனினும் எல்லா ஊரிலும் சத்திரம் இருக்க இயலாது. சத்திரம் இல்லாத இடத்தில் கூண்டு வண்டியே சத்திரமாயிற்று.

மதுரையின் பெருந்திருவிழாவே ஓர் உறவுப் பயணம் எனலாம். தங்கை மீனாட்சியின் திருமணத்தைக் காண அழகர், அழகர்மலையிலிருந்து இறங்கி வழியெங்கும் மண்டபங்களில் தங்கித் தங்கி வருகிறார். வைகையை அடையும்போது திருமணம் முடிந்துவிட்டதை அறிந்து, நகருள் புகாமலே திரும்பிவிடுகிறார். மக்கள் சொல்லிவரும் கதை இது. உறவினர் வீட்டுக்குச் செல்வதில் உள்ள ஆவலும் சினமும் தெய்வத்துக்கும் உண்டு என்று அவர்கள் எண்ணியது இனிமையானது அன்றோ! தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றின் மக்கள், இன்றும் கூண்டு வண்டி பூட்டி, குடும்பத்தோடு நாட்கணக்கில் வழிநடந்து அழகர்கோவிலுக்கு வருகின்றனர்.

அவ்வண்டி சில நாள் வீடாயிருந்தது. ஊர் திரும்பியதும் மீண்டும் வண்டியாயிற்று. ஆண்டு முழுவதும் வண்டியையே வீடாகக் கொண்டு வாழ்வோரும் உளர். இராசத்தானத்துக் காடியா லோகார் என்னும் கொல்லர்கள் மாட்டு வண்டியிலேயே பிறந்து, வளர்ந்து, ஊர் ஊராகச் சென்று இரும்புக் கருவிகள் செய்து பிழைத்தனர். அவர்களுக்கு அது பிழைப்பு. உழைத்து ஓய்ந்த பின், கையில் பொருளும் உடலில் சிறிது வலிமையும் இருக்கும்போது, தாமே விரும்பி வீட்டை விட்டு வண்டியில் குடியேறுவது வேறொரு செய்தி. அத்தகைய வாழ்வே இங்கு நோக்கத்தக்கது.

இதற்கு வழிகாட்டியவருள் ஒருவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்து நாட்டினரான இவர் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்க்கான கதைகள் பல எழுதியவர். 1885-ஆம் ஆண்டில், பிரிஸ்டல் நகரில் வண்டி கட்டும் நிறுவனம் ஒன்றைக்கொண்டு, உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு வண்டியைச் செய்வித்தார். அதற்கு ‘நாடோடி’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள அதனை இரு குதிரைகள் இழுத்தன. தென் இங்கிலாந்திலிருந்து வட ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை, சுமார் 2,000 கிலோமீட்டர் அவ்வண்டி சென்றது. பணியாளர் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, குறுகிய வழிகளில் எதிரே வருவோரை எச்சரித்தார். அவ்வண்டி இங்கிலாந்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

குதிரையின் இடத்தை எந்திரம் கொண்டபின் இவ்வாழ்க்கை அமெரிக்காவில் பெருகியது. அங்குப் பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாகப் பலர், குடியிருந்த வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, கேரவன் எனப்படும் வீட்டு வண்டியில் ஏறிவிடுகின்றனர். சில கேரவன்கள் தாமே ஓடும். சிலவற்றை வேறோர் ஊர்தியில் பிணைத்து இழுத்துச் செல்வர். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, கழிப்பறை ஆகியன உண்டு. நிறுத்திய பின், பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நீண்டு அறை அகலமாகும் வண்டிகளும் உள்ளன.

வெளியிலிருந்து காண்போர்க்கு இது ஓயாத இன்பச் செலவாகத் தோன்றும். உண்மையில் இது கணக்குப் பார்த்து நடத்தும் குடித்தனம். வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எவரும் எண்ணுவதில்லை. கேரவனில் வாழ்வோர் நாள்தோறும் எண்ணியாக வேண்டும். வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் உண்டு. ஒன்றில் நல்ல நீர். அது சில நூறு லிட்டரே கொள்ளும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் மற்றொன்றில் சேரும். கழிப்பறைக் கழிவு மூன்றாவதில் சேரும். அதனை அதற்கென அமைந்த இடத்தில் மட்டுமே திறந்துவிட வேண்டும். மின்சாரத்துக்குக் கூரைமீது சூரியத் தகடுகளும் கீழே மின்கலங்களும் உண்டு. வானம் இருண்டால் விளக்கையும் விசிறியையும் அளந்து பயன்படுத்துவர். பொருள்களையும் அவ்வாறே அளக்க வேண்டும். புதிதாக ஒரு பாத்திரம் வாங்கினால் பழையதொன்றை நீக்கியாக வேண்டும். நாற்பது ஆண்டுகள் சேர்த்த தட்டுமுட்டுச் சாமான்களையும், பிள்ளைகளின் பள்ளிக்கால நினைவுப் பொருள்களையும் ஒருநாளில் பிரித்துக் கொடுத்துவிட்டு வருவதே எல்லாவற்றிலும் கடினம்.

இதனினும் வியப்பான இடர் ஒன்று உண்டு. முகவரி இல்லாதவருக்குக் கடிதம் எப்படிச் சேரும்? ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வரி, வாக்கு அனைத்தும் முகவரியையே கேட்கின்றன. ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் 1978-இல் இத்தகையோருக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். ‘எஸ்கேப்பீஸ்’ என்பது அதன் பெயர். ‘வண்டி நிற்கும் இடமே வீடு’ என்னும் பொருள்படும் தலைப்பில் கே முந்திய ஆண்டே ஒரு நூல் எழுதியிருந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்னும் ஊரில் அமைந்த அச்சங்கம், உறுப்பினர்க்கு ஒரு முகவரியைத் தந்து, வரும் கடிதங்களைத் தொகுத்து அவர்கள் இருக்கும் ஊருக்கு அனுப்புகிறது.

இவர்கள் பறவைகளைப் போலப் பருவம் நோக்கி இடம் பெயர்வர். வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி வேடந்தாங்கல் நோக்கி வரும் பறவைகள்போல, குளிர்காலத்தில் அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய தென்மாநிலங்களை நாடுவர். அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சுற்றி, சனவரித் திங்களில் எண்ணிலடங்காக் கேரவன்கள் கூடி நிற்கும். அவற்றைக் காணும் மதுரைக்காரருக்குத் தாவணியில் அவிழ்த்துவிட்ட வண்டிகள் நினைவுக்கு வரக்கூடும். கோடையில் வடக்கே செல்வர்.

அச்செலவின் வழியைப் பெரும்பாலும் பிள்ளைகளின் ஊர்களே வகுக்கின்றன. மகன் ஓர் ஊரில், மகள் ஆயிரம் கல் தொலைவில். பேரக் குழந்தைகள் இருவரிடத்தும். ஓர் ஊரில் வீடு கட்டி அமர்ந்திருந்தால் ஆண்டுக்கொருமுறை காண்பது அரிது. கேரவன் உள்ளவர்க்கு இருவர் ஊரும் தம் ஊரே. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது பழமொழி. பெற்றோராயினும், பிறர் இல்லத்தில் தங்கும்போது அவ்வீட்டின் வழக்கத்துக்கு உட்பட்டே ஆகவேண்டும். உறங்கும் நேரமும், உண்ணும் நேரமும், தொலைக்காட்சியின் ஓசையும் தம் விருப்பப்படி அமையா. கேரவனோ மகன் வீட்டு முற்றத்தில் நிற்கும். தோட்டத்துக் குழாயிலிருந்து நீரும் வீட்டிலிருந்து மின்சாரமும் பெற்றுக்கொள்வர். பகலில் பேரனோடு விளையாடுவர். இரவில் தம் கட்டிலில் படுப்பர். முற்றத்தில் நிறுத்த இடமோ ஊர்விதியின் இசைவோ இல்லாவிட்டால், அருகிலுள்ள கேரவன் பூங்காவில் வாடகை தந்து நிற்பர். வந்தவர்கள் எப்போது புறப்படுவர் என்று மருமகள் எண்ண நேர்வதில்லை. நாம் பாரமாகிவிட்டோமோ என்று மாமியார் மறுகவும் நேர்வதில்லை.

தமிழ்நாட்டு முதியோர் இதனை எளிதில் உணர்வர். இங்கும் பிள்ளைகள் பல ஊரில் வாழ்கின்றனர். மாதம் ஒரு மகன் வீடு என முறைவைத்துப் பெற்றோரை அனுப்பும் குடும்பங்கள் உண்டு. தாயை ஒரு மகனும் தந்தையை மற்றொரு மகனும் பகிர்ந்துகொள்ளும் கொடுமையும் உண்டு. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறுதற்கு 2007-இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. சோற்றையும் மருந்தையும் சட்டம் பெற்றுத்தரும். எப்போது வருவது, எத்தனை நாள் இருப்பது, எப்போது புறப்படுவது என்பவற்றைத் தாமே முடிவு செய்யும் உரிமையை அது பெற்றுத்தர இயலாது. கேரவனில் வாழும் முதியோர் பெற்றிருப்பது பெரும்பாலும் அவ்வுரிமையே.

ஆயினும் நம் நாட்டில் கேரவன் வாழ்வு இன்னும் அரிதாகவே உள்ளது. தெருக்கள் குறுகியவை, நிறுத்தி நீர் பிடிக்கவும் கழிவு நீக்கவும் இடங்கள் மிகச் சில. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதன்பின் வாகமண் மலைப்பகுதியில் கேரவன் பூங்கா ஒன்று அமைந்தது. அது விடுமுறைச் செலவுக்கேயன்றிக் குடியிருப்புக்கு அன்று. மற்றொரு காரணமும் உண்டு. பேருந்தும் தொடர்வண்டியும் மலிவாக உள்ள நாட்டில், பயணம் செய்ய வண்டி வாங்க வேண்டிய தேவை இல்லை. மாட்டுத்தாவணியில் இரவு ஏறிப் படுத்தால் விடியலில் சென்னை வந்துவிடும். முதுமையில் உலகைக் காணவும் சொந்த வண்டி வேண்டுவதில்லை என்பதற்குக் கொச்சி நகரத்துத் தேநீர்க்கடைக்காரர் விஜயனும் அவர் மனைவி மோகனாவும் சான்றாவர். நாள்தோறும் கடை வருவாயில் ஒரு பகுதியைச் சேமித்து, குறைந்த தொகைக்கு வங்கிக் கடன் பெற்று, ஒரு நாட்டைக் கண்டு திரும்பி, கடனை அடைத்தபின் அடுத்த நாட்டுக்குப் புறப்பட்டனர். இவ்வாறு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். இருவரும் இரஷ்யா சென்று திரும்பிய சில நாட்களில், 2021 நவம்பரில் விஜயன் காலமானார். அவர்களுக்குத் திரும்பிவரக் கடையும் வீடும் இருந்தன.

வீட்டை விற்றுவிட்டு வண்டியேறியவர்க்கு அது இல்லை. கண் மங்கும், கை நடுங்கும், மருத்துவர் ஒருநாள் ஓட்டுதல் கூடாது என்பார். இருவருள் ஒருவர் மறைந்தால் மற்றவர் தனியே ஓட்டிச் செல்வது எளிதன்று. பல ஆண்டு ஓடிய கேரவனை விற்றால், விற்ற வீட்டின் விலையில் ஒரு சிறு பங்கும் தேறாது; அதற்குள் வீடுகளின் விலையோ ஏறியிருக்கும். ஆகவே, இவ்வாழ்வில் புகுவோர் சிலர் எங்கேனும் ஒரு சிறு மனையைக் கைவிடாது வைத்துக்கொள்கின்றனர். முன்னே கூறிய சங்கம் லிவிங்ஸ்டனில் இதற்கென ஓர் இல்லம் நடத்துகிறது. முதுமையாலோ நோயாலோ பயணம் நின்றுபோன உறுப்பினர்கள் தம் கேரவன்களை அங்கே நிறுத்திக்கொள்கின்றனர். உணவு பொதுக்கூடத்தில் கிடைக்கிறது. செவிலியர் வந்து நோக்குகின்றனர். மருத்துவரிடம் செல்ல வேண்டுவோரைப் பிறர் அழைத்துச் செல்கின்றனர். இரவில் உறங்குவதற்கு ஒவ்வொருவரும் தாம் ஓட்டிவந்த வண்டிக்கே திரும்புகின்றனர்.