விற்கலாம், பூட்டக் கூடாது
கட்டற்ற மென்பொருளின் கதை – 14

ஜி.பி.எல். உரிமத்தில் மென்பொருளை விற்கத் தடையில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். விலையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கியவர் அதன் மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், நாலு பேருக்குக் கொடுக்கவும் குறுக்கே நிற்கக் கூடாது. அதிலிருந்து கிளைத்த ஒன்றை நீங்கள் வெளியிட்டால் அதற்கும் இதே விதி. சரி, எது கிளைத்தது, எது தனியாக முளைத்தது? 2010 ஜூலையில் வேர்ட்பிரஸ் உலகம் இதற்காக முட்டிக்கொண்டது.

வேர்ட்பிரஸே கிளையாகப் பிறந்ததுதான். மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற வலைப்பதிவு மென்பொருள் கேட்பாரற்றுக் கிடந்தபோது, 2003-இல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்தார்கள். பி2-வின் உரிமம் ஜி.பி.எல். என்பதால் இதற்குத் தனி அனுமதி தேவைப்படவில்லை. அதே காரணத்தால் வேர்ட்பிரஸின் உரிமத்தை மாற்றும் வழியும் அவர்களுக்கு இல்லை.

வேர்ட்பிரஸ் பரவியதும் அதைச் சுற்றி ஒரு கடைத்தெரு உருவானது. தளத்தின் தோற்றத்தை மாற்றும் 'தீம்'களையும், வசதிகளைக் கூட்டும் 'பிளகின்'களையும் காசுக்கு விற்றார்கள். கிறிஸ் பியர்சனின் 'தீசிஸ்' என்ற தீம் அதில் நல்ல விலைபோன சரக்கு; தனிநபருக்கு 87 டாலர். அதற்கு அவர் ஜி.பி.எல். உரிமம் தரவில்லை, பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் சொந்த நிபந்தனைகளை வைத்திருந்தார்.

ஜூலை 14 அன்று ஆண்ட்ரூ வார்னரின் மிக்ஸர்ஜி நேர்காணலில் முல்லன்வெக்கும் பியர்சனும் நேருக்கு நேர் மோதினார்கள். 'தீசிஸ் என் உழைப்பு, வேர்ட்பிரஸின்மேல் ஓடுகிறது என்பதற்காக அது வேர்ட்பிரஸின் பிள்ளையாகிவிடாது' என்பது பியர்சனின் வாதம். தீமின் பி.எச்.பி. நிரல் வேர்ட்பிரஸின் செயற்கூறுகளை அழைத்து, அதனோடு ஒரே நிரலாகக் கலந்து ஓடுகிறது. அதை விட்டுத் தனியே நிற்காது என்பது முல்லன்வெக்கின் பதில்.

அவர் கையில் ஒரு சட்டக் கருத்தும் இருந்தது. மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் 2009-இலேயே தீம்களை ஆராய்ந்து ஒரு கோடு கிழித்திருந்தது. பி.எச்.பி. நிரல் வேர்ட்பிரஸிலிருந்து கிளைத்தது, அதற்கு ஜி.பி.எல். கட்டாயம், படங்களும் சி.எஸ்.எஸ். கோப்புகளும் தனிப் படைப்புகள், அவற்றுக்கு உரிமையாளர் விரும்பிய உரிமத்தை வைக்கலாம் என்றது.

ஆனால் அது வழக்கறிஞர்களின் கருத்துதான், தீர்ப்பல்ல. பியர்சனை இறங்கிவர வைத்தவை வேறு. வழக்கு வரும் என்ற எச்சரிக்கை ஒன்று. தீசிஸைக் கைவிடுபவர்களுக்கு வேறு தீம் வாங்கித் தருவதாக முல்லன்வெக் வெளிப்படையாக அறிவித்தது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வேர்ட்பிரஸின் சொந்த வரிகள் சில தீசிஸுக்குள் அப்படியே இருப்பதை நிரலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 'எல்லாம் என் கையால் எழுதியது' என்ற வாதம் அங்கே அடிபட்டுப்போனது. ஜூலை 22 அன்று பியர்சன் பி.எச்.பி. நிரலை ஜி.பி.எல்.லுக்கு மாற்றினார், படங்களையும் சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் தன் உரிமத்திலேயே வைத்துக்கொண்டார்.

வழக்கு நீதிமன்றத்தை எட்டாததால் மூலக்கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. ஆனால் கடைத்தெரு தனக்கொரு நடைமுறையை வகுத்துக்கொண்டது. நிரலை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கட்டும். புதிய பதிப்புகளுக்கும் சிக்கல் வந்தால் உதவிக்கும் ஆண்டுச் சந்தா கட்டட்டும். நகலைத் தடுக்க முடியாத இடத்தில், தொடர்ந்து பராமரிப்பவரின் உழைப்புக்கே விலை நிற்கும் என்பதை வணிகர்கள் புரிந்துகொண்டார்கள். ஜி.பி.எல். எழுதியவர்கள் முதலிலிருந்தே சொல்லிவந்ததும் இதைத்தான்.

இந்தச் சுதந்திரம் சின்னக் கடைக்காரரைச் சுடவும் செய்யும். 2011-இல் ஜிகோஷாப் என்ற இணையக் கடை பிளகினை வூதீம்ஸ் நிறுவனம் நகலெடுத்தது. அதை எழுதியவர்களில் இருவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. அப்படிப் பிறந்த வூகாமர்ஸின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)