ஒரு குறி குறைந்தாலும் கணக்கு மாறும்

எக்ஸெலில் ஒரு கட்டத்தில் =-2^2 என்று தட்டிப் பாருங்கள், 4 என்று வரும். பைத்தானில் -2**2 என்று எழுதினால் வருவது -4. இரண்டுமே தத்தம் விதிப்படி சரிதான். எக்ஸெல் கழித்தல் குறியை முதலில் 2-உடன் சேர்த்துவிட்டு வர்க்கம் காண்கிறது. பைத்தானோ வர்க்கம் கண்ட பிறகே குறியைச் சேர்க்கிறது.

எண்களையும் மாறிகளையும் +, *, > போன்ற செயற்குறிகளால் கோத்தால் கிடைப்பது கோவை. அதைக் கணித்து முடித்ததும் கணினிக்கு ஒரு மதிப்பு கிடைக்கும். பள்ளியில் படித்த போட்மாஸ் விதியைப் போல ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு முன்னுரிமைப் பட்டியல் வைத்திருக்கிறது. அதனால்தான் 2 + 3 * 4 என்பது 14, (2 + 3) * 4 என்பது 20.

வரிசை மட்டுமல்ல, குறியின் வேலையும் மொழிக்கு மொழி மாறும். சி மொழியில் இரு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்தான். 7 / 2 அங்கே 3. பைத்தான் 3-இல் அதுவே 3.5. முழு எண் வேண்டுமென்றால் 7 // 2 என்று கேட்க வேண்டும்.

சி மொழியில் == ஒப்பிடும் குறி; ஒற்றை = மாறிக்குள் மதிப்பை வைக்கும் குறி. இந்த ஒரு கோட்டின் அருமை 2003 நவம்பரில் தெரிந்தது. லினக்ஸ் கருநிரலின் நகல் ஒன்றில் யாரோ இரண்டு வரிகளை நுழைத்திருந்தார்கள். மேலோட்டமாகப் படித்தால், அந்த நிரற்பகுதியை அழைப்பவரின் பயனர் எண் 0-தானா என்று சோதிப்பதாகத் தோன்றும். ஆனால் அங்கே இருந்தது ஒற்றை =. 0 என்பது கணினியின் முழு அதிகாரமும் உடைய நிர்வாகியின் எண். ஆக, சோதிப்பதற்குப் பதிலாக அழைப்பவரையே நிர்வாகியாக்கிவிடும் வரி அது.

அந்த ஒற்றை =-க்கு முன் && என்ற குறியும் இருந்தது. இடப்பக்கம் பொய்யானால் && வலப்பக்கத்தைத் தொடவே தொடாது. இடப்பக்கத்தில் இருந்ததோ வழக்கத்துக்கு மாறான ஒரு நிபந்தனை. அதை அறிந்தவர் அழைத்தால்தான் கதவு திறக்கும். மூல நிரலோடு நகல் ஒத்துப்போகாததைக் கண்டதால் சூழ்ச்சி வெளிப்பட்டது. அதிகாரபூர்வ வெளியீட்டில் அந்த வரிகள் சேரவில்லை.

நிரல் கற்பவர்கள் முன்னுரிமைப் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஐயம் எழும் இடத்தில் அடைப்புக்குறி போடுங்கள். கோவை நீண்டால் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்கும் பெயர் வையுங்கள். உங்கள் நிரலை நாளை படிக்கப்போகிறவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி அது.