வீட்டு சர்வருக்கு எத்தனை டிஸ்க் வேண்டும்?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் கல்யாண வீடியோ, ஊர்த் திருவிழாப் படங்கள், பெரியவர்கள் பேசிய ஒலிப்பதிவு எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில்தான் கிடக்கின்றன. அது ஒருநாள் சுழலாமல் நின்றால் எல்லாம் போயிற்று. ரயில்வேயில் ஓய்வு பெற்று முதலமடையில் இருக்கும் நான், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு சர்வராக மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பிரபலமாக்கியது. விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்குக்குப் பதில் மலிவான சிறு டிஸ்குகள் பல என்பதே அவர்கள் யோசனை. நம்மைப் போன்ற சிக்கனக்காரர்களுக்கென்றே பிறந்தது!

ரெய்டு 0 தகவலைத் துண்டாக்கி எல்லா டிஸ்கிலும் பரப்பும். வேகம் உண்டு. ஆனால் ஒன்று போனால் அத்தனையும் போகும். குடும்பப் படங்களுக்கு வேண்டவே வேண்டாம். ரெய்டு 1இல் 2 டிஸ்கிலும் ஒரே தகவல் இருக்கும்.

ரெய்டு 5ஐப் புரிந்துகொள்ள ஒரு கூட்ஸ் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகன் ஒவ்வொன்றின் எடையும், கடைசியில் மொத்த எடையும் காகிதத்தில் இருக்கின்றன. மழையில் ஒரு எண் அழிந்தாலும், மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் அது கிடைத்துவிடும். ஏறக்குறைய இதே கணக்குதான். 4 டிபி டிஸ்க் 4 போட்டால் 12 டிபி இடம் கிடைக்கும். எந்த ஒரு டிஸ்க் போனாலும் மீட்கலாம்.

சிக்கல் மீட்கும்போதுதான். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினாலும் 4 டிபி நிரம்ப 7 மணி நேரத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரமும் மிச்சமுள்ள 3 டிஸ்கும் ஓயாமல் படிக்கப்படும். அவையும் அதே வயதுக் கிழங்கள் அல்லவா? அந்த நேரத்தில் இன்னொன்று விழுந்தால் தீர்ந்தது. ரெய்டு 6 எந்த 2 டிஸ்க் போனாலும் தாங்கும். ஆனால் இடம் 8 டிபிதான். ரெய்டு 10இலும் அதே 8 டிபி. ஒரே ஜோடியில் இரண்டும் போனால் காப்பாற்றாது.

வீட்டுக்கு 2 பெரிய டிஸ்கும் ரெய்டு 1உம் போதும் என்பது என் கருத்து. தனி ரெய்டு கார்டு வாங்க வேண்டாம். கார்டு கெட்டால் அதே மாடலைத் தேடி அலைய நேரும். லினக்ஸிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். மிச்சப் பணத்தில் ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள். இங்கே ஐப்பசி இடிமழையில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்ற வருடம் என் பேரன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டான். காலஞ்சென்ற என் மனைவி பாடிய தாலாட்டு அதில் இருந்தது. ரெய்டு சொன்னபடி கேட்கும் சேவகன். 2 டிஸ்கிலும் ஒரே நொடியில் அழித்துவிட்டது. கோயமுத்தூரில் மகள் வீட்டு அலமாரியில் ஒரு நகல் வைத்திருந்ததால் பாட்டு திரும்பக் கிடைத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கட்டடத்தில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் அது ஒரு படிதான்.

இப்போது 2 மாதத்துக்கு ஒருமுறை பொள்ளாச்சி வழியாகக் கோவை போகும்போது புது நகலைப் பையில் போட்டுக்கொண்டு, பழையதைத் திரும்ப எடுத்து வருகிறேன்.