நாற்காலியை விட்டு இறங்காமலே வேனில் ஏறினார்!

கை, கால் அசையாத ஒருவரைக் காரில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் தினமும் பார்க்கலாம்.

ஒருவர் அக்குளில் கை கொடுப்பார். இன்னொருவர் முழங்காலுக்கு அடியில் பிடிப்பார். டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "தலை, தலை! பார்த்து!" என்று சத்தம் போடுவார். ஒரு வழியாக உள்ளே தள்ளியதும், விலகிய வேட்டியைச் சரி செய்யக்கூட அந்த மனிதரால் முடியாது. சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் திணிப்பார்கள். டிக்கி மூடாது. கயிறு போட்டுக் கட்டுவார்கள்.

வீட்டு வாசலில் மறுபடி இதே கதை.

தூக்குகிறவர் அப்பா, தூக்கப்படுகிறவன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். மகனுக்கு எடை ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் அப்பாவால் தூக்க முடியாது. அன்றோடு மகனுக்குத் தெரு, கடைத்தெரு, கோவில், சினிமா எல்லாம் முடிந்தது. மிச்சம் ஜன்னல்தான்.

'ஆளை ஏன் தூக்குகிறீர்கள்? நாற்காலியோடு ஏற்றுங்கள்' என்பது இதற்கு மாற்று வழி. இதைத் தொழிலாகவே செய்து காட்டியவர் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர்க்காரர். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான்.

வேலை போகும் நிலை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வினமாக் என்று ஒரு ஊர். சுற்றிலும் வயல்காடு. அங்கே 1940-ம் ஆண்டு டிசம்பரில் பிறந்தவர் ரால்ப் பிரான்.

ஆறு வயதில் அவருக்குத் தசை வலுவிழக்கும் நோய் இருப்பதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே வரும் நோய் இது. முதுகுத்தண்டில் இருந்து தசைக்கு உத்தரவு கொண்டு போகும் நரம்புகள் பழுதாகிவிடும். உத்தரவு வராத தசை நாளடைவில் சூம்பிப்போகும். அறிவுக்கு ஒரு குறையும் வராது. 14 வயதில் ரால்ப் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார்.

பையன் சும்மா இருக்கவில்லை. 15 வயதில் அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து மோட்டார் வைத்த வண்டி ஒன்றைச் செய்தார்கள். 1963-ல் மூன்று சக்கர மோட்டார் ஸ்கூட்டர் ஒன்றைச் செய்து அதற்கு 'டிரை வீலர்' என்று பெயர் வைத்தார். அதில்தான் பக்கத்தில் இருந்த தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தார். பொருட்களின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் அவர் மானேஜர்.

அப்போது ஒரு சோதனை வந்தது. தொழிற்சாலையைச் சில மைல் தள்ளி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சின்ன ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் போக முடியாது. அந்தப் பக்கத்துக் குளிர்காலமோ பனி கொட்டும் காலம். வேலையை விட வேண்டும், அல்லது வழி பண்ண வேண்டும்.

வாலிபர் வழி பண்ணினார்.

1966-ல் தபால் ஊழியர்கள் ஓட்டும் ரகத்தில் ஒரு பழைய ஜீப்பைப் பிடித்தார். பின்பக்கம் எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் பலகை ஒன்றை வைத்தார். நம்ம ஊர் டிப்பர் லாரி மண்ணைக் கொட்டத் தொட்டியைத் தூக்குகிறதே, அதே சங்கதிதான். காலால் மிதிக்கும் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கைக்குக் கொண்டு வந்தார். பலகையில் ஸ்கூட்டரோடு ஏறி, உள்ளே போய், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஜீப்பை ஓட்டினார்!

என்ஜின் முன்னால் போனது

ஜீப் சின்னது. வேன் கிடைத்தால் தேவலை. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க வேன் பலவற்றில் என்ஜின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் பெட்டி போல உட்கார்ந்திருக்கும். சக்கர நாற்காலி முன்னால் போக வழி இருக்காது.

1970-ல் டாட்ஜ் கம்பெனி பெரிய வேன் ஒன்றைக் கொண்டு வந்தது. என்ஜினை முன்பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஊனமுற்றவர்களை நினைத்து இதைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் பிரான் கண்ணுக்கு அந்த இடம்தான் பட்டது. பக்கவாட்டுக் கதவில் தூக்கும் பலகையைப் பொருத்திவிட்டார். வேலை முடிந்ததும் அது மடங்கிக் கதவோரம் நின்றுகொள்ளும்.

சேதி பரவியது. 'எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள்' என்று ஆர்டர்கள் வந்தன. அம்மா, அப்பா வீட்டுக் கார் ஷெட்டில் சில ஆட்களை வைத்துக்கொண்டு செய்து கொடுத்தார். பகலில் வேலை, மீதி நேரத்தில் பட்டறை என்று ஓடியது. 1972-ல் வேலையை விட்டுவிட்டுத் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். 1991-ல், தரையைத் தாழ்த்திச் சாய்வுப் பலகை வைத்த சின்ன வேனை அவருடைய கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2012-ல் அமெரிக்க வெள்ளை மாளிகை அவரைக் கௌரவித்தது. 2013 பிப்ரவரியில், 72-வது வயதில் அவர் இறந்தார். கம்பெனி இன்றும் நடக்கிறது.

வேலைக்குப் போக வண்டி செய்யப் போய், வண்டி செய்வதே வேலையாகிவிட்டது.

24 அடி பலகைக்கு எங்கே போவது?

நம்ம ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு பலகை போட்டுத் தள்ளிவிட்டால் ஆகாதா?" என்றுதான்.

கணக்கு இடிக்கிறது. கட்டிடங்களுக்கு வைக்கும் சரிவுக்கு ஓர் அளவு உண்டு. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வேனின் தரை ரோட்டில் இருந்து இரண்டு அடி உயரம் என்றால் பலகை 24 அடி வேண்டும். மயிலாப்பூர் சந்தில் 24 அடிக்குப் பலகை போட்டால் எதிர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்கும்! வண்டிக்கு இதைவிடச் செங்குத்தாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் ரொம்பச் செங்குத்தானால் தள்ளுகிறவர் இடுப்பு போய்விடும். கை நழுவினால் நாற்காலி ரோட்டுக்கு வந்துவிடும்.

ஆகையால் இரண்டே வழி. ஒன்று, தூக்கும் பலகை. மற்றது, வேனின் தரையைத் தாழ்த்துவது.

தரையைத் தாழ்த்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. அமெரிக்காவில் சின்ன வேன்களில் சுமார் 10 அங்குலம் இறக்குகிறார்கள். அடித்தகட்டை வெட்ட வேண்டும். சைலன்சர் குழாயில் இருந்து பெட்ரோல் டேங்க் வரை இடம் மாற வேண்டியிருக்கும். வண்டியின் பலமே அந்த அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் மிஷின் இருக்கிறது என்பதற்காகத் தெருமுனைப் பட்டறையில் விட்டுவிடக்கூடாது.

தூக்கும் பலகை அதைவிடச் சுலபம். அமெரிக்காவில் பொது வாகனங்களுக்கு உள்ள விதிப்படி அந்தப் பலகை 600 பவுண்டு, அதாவது 272 கிலோ தாங்க வேண்டும். ஏன் இவ்வளவு? பாட்டரி நாற்காலிகளில் சில மட்டுமே தனியாக 100 கிலோவைத் தாண்டும். அதில் ஓர் ஆள். துணைக்கு இன்னோர் ஆள். கரண்ட் நின்றுபோனால் கையால் இறக்க ஒரு பம்பு பிடியும் இருக்க வேண்டும். பாதி உயரத்தில் ஒருவரை அந்தரத்தில் விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடும் நிலை யாருக்கும் வேண்டாம்.

கதவின் உயரத்தையும் மறந்துவிடக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்த ஆளின் தலை, தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்த பிறகுதான் வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அதே அமெரிக்க விதி, சின்ன வேனுக்குக்கூட 56 அங்குல வழி கேட்கிறது.

கயிறு ஆகாது

ஏறிவிட்டால் முடிந்ததா? இனிமேல்தான் ஆபத்தே.

'பிரேக்' போட்டுவிட்டால் நாற்காலி நகராது என்று நினைக்கிறார்கள். அந்த பிரேக் வீட்டுத் தரைக்குச் சரி. 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வேன் சடாரென்று நின்றால், நாற்காலியும் ஆளும் சேர்ந்து முன்னால் பறப்பார்கள்.

முறைப்படி நாலு பட்டை வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வேன் தரையில் இருந்து வந்து நாற்காலியின் கெட்டியான இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். சக்கரத்திலோ கைப்பிடியிலோ மாட்டக்கூடாது. அது கழன்று கையோடு வந்துவிடும். நாற்காலி முன்பக்கம் பார்த்தே நிற்க வேண்டும். பக்கவாட்டில் வைக்கவே கூடாது. ஆளுக்குத் தனியாக இடுப்பையும் தோளையும் பிடிக்கும் பெல்ட் வேண்டும். நாற்காலியைக் கட்டிவிட்டு ஆளைக் கட்டாமல் விடுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

வெளிநாடுகளில், வண்டியில் ஏற்றுவதற்கான நாற்காலியைப் பொம்மை மனிதனோடு 48 கிலோ மீட்டர் வேகத்தில் மோதிப் பார்க்கிறார்கள். அதில் தேறியதை வாங்குவது நல்லது.

இன்னொரு விஷயம். கழுத்தில் அடிபட்டுச் செயலிழந்தவர்களில் பலருக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. வியர்வை இல்லாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. மே மாத வெயிலில் சிக்னலில் வேன் பத்து நிமிஷம் நின்றால் அவர்களுக்கு ஜுரம் போல ஏறிவிடும். ஏ.சி. வைப்பதை ஆடம்பரம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தால் இதைச் சொல்லலாம்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன சொல்வார்கள்?

வண்டியை இஷ்டத்துக்கு மாற்றினால் போலீஸ் பிடிக்காதா? பிடிக்கும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஆனால் 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஊனமுற்றவர்களுக்காக ஒரு வாசல் திறந்துவிட்டார்கள். அவர்களுடைய உபயோகத்துக்கு என்று மட்டும் சொந்த வண்டியை மாற்றி அமைக்கலாம். அதற்குரிய நிபந்தனைகளின்படி செய்து, ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். முன்பு சட்டத்தில் 'ஊனமுற்றோர் வண்டி' என்று தனி ரகமாக இருந்ததை, மாற்றி அமைத்த வண்டி எதுவானாலும் பொருந்தும்படி விரித்துவிட்டார்கள். இந்தத் திருத்தம் பட்டறைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. கவுன்ட்டரில் இருப்பவருக்கே தெரியாமல் போகலாம். 52-வது பிரிவு, 2-வது உட்பிரிவு என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பதியாமல் ஓட்டினால் அபராதம் மட்டுமல்ல. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது ஒரு சாக்கு. பதிந்திருந்தால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியிலும் பேச முடியும். உடல் ஊனமுற்றவருக்கென்று தனியாக அமைத்த வண்டிக்கு அங்கே கட்டண விலக்கு உண்டு.

பட்டறையில் இருந்து வண்டியை எடுக்கும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாற்காலியில், ஏறப்போகும் ஆளின் எடைக்கு மணல் மூட்டையை வைத்துக் கட்டுங்கள். பலகையில் இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். உள்ளே பூட்டி, காலி ரோட்டில் ஓட்டி, பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். நாற்காலி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.