முதல் பிஎம்எக்ஸ் மிதிவண்டி: அளவான பணத்தில் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள புத்தலப்பட்டைப் போன்ற ஊர்களிலும், கைப்பேசித் திரையில் சாகசக் காட்சிகளைக் கண்ட பிள்ளைகள் பெற்றோரிடம் பிஎம்எக்ஸ் மிதிவண்டி வேண்டும் எனக் கேட்கத் தொடங்கியுள்ளனர். வண்டியை முதன்முறையாகப் பார்க்கும் பெற்றோருக்கு வியப்பே மிஞ்சும். சக்கரம் சிறியது, கியர் இல்லை, பின்னால் கேரியர் இல்லை, நிறுத்துவதற்கு ஸ்டாண்டு கூட இல்லை. ஆயினும் இருபத்தொரு கியர் கொண்ட மிதிவண்டியை விட விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் விலை எதற்காக என்பதை அறிந்துகொண்டால், குறைந்த பணத்திலும் சரியான வண்டியை வாங்க இயலும்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் சிறிய மிதிவண்டிகளை மண் தடங்களில் ஓட்டியதே பிஎம்எக்ஸின் தோற்றம். பந்தயப் பிரிவு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. சாகசப் பிரிவு, 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் தெருப்பிரிவு வண்டியைத்தான். படிக்கட்டிலிருந்து குதிப்பது, சிமெண்டுத் திண்டின் விளிம்பில் வண்டியைத் தேய்த்துச் செல்வது ஆகியவை இதன் விளையாட்டுகள். மனித எடை முழுவதும் மேலிருந்து கீழே மோதும் வேலை இது. வண்டியின் ஒவ்வொரு பாகமும் அந்த மோதலைத் தாங்க வேண்டும்.

வாங்குமுன் ஒரு கேள்விக்கு விடை காண்பது நல்லது. வீட்டில் பிள்ளைக்கு இருக்கப்போவது இந்த ஒரு மிதிவண்டி மட்டும்தானா? அப்படியானால், அது பள்ளிக்கும் தனிப்பயிற்சிக்கும் நாள்தோறும் சில கிலோமீட்டர் செல்லப் பயன்பட வேண்டுமானால், பிஎம்எக்ஸ் வாங்க வேண்டாம் என்பதே எமது கருத்து. இதன் இருக்கை மிகத் தாழ்வானது. அமர்ந்து மிதித்தால் முழங்கால் மார்பை நோக்கி வரும். நின்றுகொண்டு ஓட்டுவதற்காகவே அமைந்த வண்டி இது. லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரத்தில் புத்தகப்பையுடன் செல்வதற்கு ஏற்றதன்று. பள்ளிக்கு வேறு வண்டி இருக்கிறது, இது விளையாட்டுக்காக என்றால் மேலே படிக்கலாம்.

கடைகளில் ‘பிஎம்எக்ஸ்’ என்று எழுதப்பட்ட வண்டிகள் பல கிடைக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி, தோற்றத்தை மட்டும் கடன் வாங்கிய சிறுவர் மிதிவண்டிகள். ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், டிஸ்க் பிரேக், நெகிழி மூடிகள், கியர் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அது தெரு பிஎம்எக்ஸ் அன்று என்று கொள்ளலாம். அவ்வண்டிகள் ஓட்டுவதற்குத் தீங்கானவை அல்ல; குதிப்பதற்கு உரியவை அல்ல, அவ்வளவே. வேறுபாடு தெரியாமல் வாங்கித் தந்துவிட்டு, பிள்ளை மூன்று படி உயரத்திலிருந்து குதிக்கும்போது முன் ஃபோர்க் வளைந்தால், முதலில் தரையில் மோதுவது முகமும் மணிக்கட்டும்தான்.

இனி எஃகைப் பார்ப்போம். மலிவான வண்டிகளின் சட்டகம் ஹை-டென்சில் எனப்படும் சாதாரண எஃகால் ஆனது. விலை உயர்ந்தவை 4130 என்னும் எண்ணால் குறிக்கப்படும் குரோமோலி எஃகால் ஆனவை. இதில் ஏறத்தாழ 1 சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் மாலிப்டினமும் கலந்திருக்கும். அதனால் குழாயின் சுவரை மெல்லியதாக்கியும் வலிமையைக் காக்க முடிகிறது, வண்டியும் இலகுவாகிறது. அளவான விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டும் கலந்தவை. இங்கேதான் ஏமாற்றம் நிகழ்கிறது. சட்டகத்தின் கீழ்க்குழாய் ஒன்று மட்டுமே குரோமோலியாக இருந்தாலும் ‘4130’ என்று ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே கடைக்காரரிடம் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும், எந்தெந்தக் குழாய் குரோமோலி என்று கேளுங்கள். கீழ்க்குழாய், ஃபோர்க்கின் நடுத்தண்டு, கிராங்க் ஆகிய மூன்றும் குரோமோலியாக இருந்தால், முதல் வண்டிக்கு அது போதும். முழுச் சட்டகமும் குரோமோலியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. இன்னொன்று: விரிசல் விட்ட மெல்லிய குரோமோலிக் குழாயை, கதவும் ஜன்னலும் செய்யும் பட்டறையில் பற்றவைத்து மீண்டும் குதிக்கவே கூடாது. பற்றுக்கு அருகிலேயே அது மறுபடி முறியும்.

கிராங்க் இரு வகைப்படும். வலப்புறமும் இடப்புறமும் ஒரே கம்பியாக வளைந்து வருவது ஒற்றைத் துண்டுக் கிராங்க்; சிறுவர் வண்டிகளில் காணப்படுவது. இரு கைகளும் ஓர் அச்சும் தனித்தனியே அமைந்த மூன்று துண்டுக் கிராங்கே தெரு ஓட்டத்திற்கு உரியது. அச்சு சுழலும் இடத்தில் மூடிய பேரிங் இருந்தால், நம் பகுதியின் செம்மண் தூசு உள்ளே எளிதில் புகாது.

பின்சக்கரத்தின் ஹப், வாங்குவோர் பெரும்பாலும் பார்க்காமல் விடும் பாகம். சாதாரண வண்டியின் அச்சு சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம் உடையது. தெரு பிஎம்எக்ஸின் பின்னச்சு 14 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உருளைத் தண்டு ஒன்றின் வளைவைத் தாங்கும் வலிமை, அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அக்கணக்கில் 14 மில்லிமீட்டர் அச்சு இரண்டரை மடங்குக்கும் மேல் வலியது. திண்டில் தேய்த்துச் செல்வதற்கான பெக் எனும் உருளைகளும் இந்த அச்சிலேயே பொருத்தப்படும்.

பற்சக்கரத்தைக் கொண்டும் வண்டியின் தரத்தை ஓரளவு கணிக்கலாம். பழைய பாணி வண்டியில் முன்னே 44 பற்களும் பின்னே 16 பற்களும் இருக்கும். இக்கால வண்டியில் 25-உம் 9-உம். இரண்டிலும் ஒரு மிதிக்குச் சக்கரம் சுற்றும் அளவு ஏறத்தாழ ஒன்றே: முன்னதில் 2.75, பின்னதில் 2.78. சிறிய பற்சக்கரம் எடையைக் குறைப்பதோடு, திண்டின் விளிம்பில் இடிபடாமலும் தப்பிக்கிறது. ஆனால் 9 பல் அமைய வேண்டுமானால் அதற்கேற்ற கேசட் ஹப் தேவை; சாதாரண ஃப்ரீவீலில் அது இயலாது. எனவே 9 பல் வண்டியில் ஹப்பும் இக்கால முறையில் அமைந்ததாக இருக்கும்.

ரிம் இரட்டைச் சுவர் கொண்டதாகவும், கம்பிகள் 36-ஆகவும் இருக்கட்டும். டயர், ட்யூப் பற்றிக் கவலை வேண்டாம். தடித்த டயர் கொண்ட 20 அங்குலச் சிறுவர் வண்டிகளின் ட்யூப் இதற்கும் பொருந்தும். சித்தூரிலோ உள்ளூர்க் கடையிலோ கிடைத்துவிடும். ஹப்பின் உட்பாகங்களும் கிராங்க் பேரிங்கும் அப்படியல்ல. அவற்றைச் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து வரவழைக்க நேரலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அளவைச் சக்கரத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. பெரியவர் வண்டிகள் பெரும்பாலானவற்றுக்குச் சக்கரம் 20 அங்குலமே. மேற்குழாயின் நீளமே அளவுகோல். ஐந்தடி முதல் ஐந்தடி மூன்று அங்குலம் வரை உயரமுள்ளவருக்கு 20 முதல் 20.25 அங்குலம், ஐந்தடி ஏழு அங்குலம் வரை 20.5, அதற்கு மேல் ஆறடி வரை 20.75 முதல் 21 என்பது பொதுவான கணக்கு. சட்டை தைப்பது போல, அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால், பிள்ளைக்கு முன்சக்கரத்தைத் தூக்கவே வராது.

பிரேக் இல்லாமல் ஓட்டுவது சிலருக்குப் பெருமை. கற்பவரின் வண்டியில் பின்பிரேக் கட்டாயம் இருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவது சிக்கனத்துக்கு நல்ல வழி. வாங்குமுன், கீழ்க்குழாய் முன்கழுத்தோடு சேரும் இடத்தின் அடிப்பகுதியைப் பகலொளியில் பாருங்கள். வண்ணப்பூச்சில் சுருக்கமோ மயிரிழைக் கோடோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுங்கள். கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பின்னர் பிரேக்கை அழுத்திக்கொண்டு பெடலை ஓங்கி மிதியுங்கள்; ‘டக்’ என்று நழுவினால் ஹப் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பணத்தைத் திரட்டும் முறைக்கு வருவோம். மாதம் 1,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பில் செலுத்தினால், வட்டி நீங்கலாக 18,000 ரூபாய் சேரும். மாங்காய்ப் பருவத்தில் மொத்தமாக வருவாய் காணும் குடும்பங்கள், ஒரு பகுதியைக் குறுகிய கால வைப்பில் இட்டுவைக்கலாம். இத்தொகை முழுவதையும் வண்டிக்கே செலவிட வேண்டாம். 13,500 வண்டிக்கு, 2,500 தலைக்கவசத்துக்கும் கையுறை, முழங்கால் காப்புகளுக்கும், மீதி 2,000 முதலாண்டு உதிரிபாகங்களுக்கு என்று பிரித்துக்கொள்வது தகும். தலைக்கவசம், பின்மண்டையையும் மூடும் கெட்டியான ஓடு உடையதாக இருக்கட்டும். மிதிவண்டிக்கும் சறுக்குப்பலகைக்கும் பொதுவான ஐரோப்பியத் தரமான ‘இஎன் 1078’ முத்திரையைத் தேடலாம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தைக் கண்டு விரைய வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லை, அது செயல்முறைக் கட்டணமாக மறைந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியுள்ளது. முழுப்பணம் தந்தால் விலை எவ்வளவு குறையும் என்று கேட்டால், மறைந்திருக்கும் வட்டி வெளிப்பட்டுவிடும். மிதிவண்டிக்கும் அதன் பாகங்களுக்குமான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது; பற்றுச்சீட்டில் அதைச் சரிபார்த்து, சட்டக எண்ணையும் எழுதி வாங்குங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் வங்கி வகுக்கும் வரம்புக்குள் தாமே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க, ரிசர்வ் வங்கியின் 2025 ஏப்ரல் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. வண்டிக்கான சேமிப்பில் பாதியையாவது பிள்ளையின் பெயரிலேயே வைத்தால், அவனோ அவளோ விலையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

வண்டி வீட்டுக்கு வந்த இரண்டு வாரங்களில் புதிய கம்பிகள் தளரும். சக்கரம் கோணத் தொடங்கும் முன் உள்ளூர்ச் சைக்கிள் கடையில் கம்பிகளை இறுக்கச் சொல்லுங்கள். கிராங்க், ஹேண்டில்பார் ஆகியவற்றின் திருகுகளையும் அப்போதே இறுக்கிவிட வேண்டும். 14 மில்லிமீட்டர் அச்சின் நட்டு பெரியது. அதற்கான ஸ்பானர் எல்லாக் கடைகளிலும் இராது. வண்டியோடு சேர்த்து அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.